விட்டுப்போன நான்கு கிலோமீட்டர்

என் அக்கா பதினோரு வருஷம் நடந்தாள். நான் பதினோரு வருஷம் வண்டி ஓட்டினேன். கேள்விப்படுகிற எல்லாரும் அவளைத்தான் மெச்சுவார்கள். நியாயம்தான். ஆனால் காலையில் அவளை ஏதோ ஒரு காட்டுச் சாலையில் இறக்கிவிட்டு, மலையைச் சுற்றி அறுபது எழுபது கிலோமீட்டர் ஓட்டி, சாயங்காலம் அவள் வெளியே வரும் இடத்தில் ஃபிளாஸ்க்கும் கையுமாகக் காத்துக்கிடந்தவள் நான். அதையும் யாராவது சொல்லலாம்.

மலையில் தொடங்கிக் கடலில் முடிகிற நடைபாதை அது. மொத்தம் எண்ணூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். மரத்திலும் கல்லிலும் மஞ்சள் பெயின்ட் அடித்து வழி காட்டியிருப்பார்கள். சிலர் முதுகில் பாதி வீட்டைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் நடந்துவிடுவார்கள். எங்களுக்கு அது சரிப்படாது. அவளுக்கு மருந்துக் கடை, எனக்கு டிரைவிங் ஸ்கூல். அதனால் மழையும் வெயிலும் இடம்கொடுக்கும் மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு துண்டு.

மாத்திரையை இரண்டு தடவை எண்ணிக் கொடுக்கிற கை அவளுடையது. நடையிலும் அதே பிடிவாதம். போன தடவை எங்கே நிறுத்தினாளோ அங்கேயேதான் இறங்குவாள். இறங்கியதும் ஓர் அடி பின்னால் போய், பிறகுதான் முன்னால் காலெடுத்து வைப்பாள். "எதுக்கு இந்தக் கூத்து?" என்றால், "நடுவுல சந்து விழக்கூடாதுல்ல" என்பாள். சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு பெரிய வரைபடம். வீடு திரும்பியதும் அன்று நடந்த தூரத்தைச் சிவப்புப் பென்சிலால் அதில் இழுத்துவிட்டுத்தான் குளிக்கப் போவாள். "எங்க கல்யாண போட்டோ இருந்த இடம் அது" என்று அத்தான் வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவார்.

இன்னொரு வீம்பும் இருந்தது. பாதை முடிகிற அந்தக் கடற்கரையை அவள் பார்த்ததே இல்லை. வீட்டிலிருந்து மூன்று மணி நேரம்தான். ஊரே போய்வந்தது, அத்தான் ஆபீஸ்காரர்களோடு இரண்டு முறை போய்வந்தார். அவள் மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். நடந்துதான் போவாளாம்.

எங்கே நிறுத்தினோம், எங்கே தொடங்கவேண்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வது என் பொறுப்பு. பதினைந்து கிலோமீட்டர் நடந்து களைத்தவளுக்கு எல்லாக் காட்டுச் சாலையும் ஒன்றுபோலத்தான் தெரியும். "அதெல்லாம் டிரைவரம்மாவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, கடும் பனிமூட்டத்தில், காய்ச்சலோடு ஒரு மர கேட் வழியாக வெளியே வந்தாள். வெட்டி விற்பதற்காக மரம் வளர்க்கும் தோப்பு அது. கோடு போட்டதுபோல ஒரே மாதிரி மரங்கள். அடுத்த மாதம் அதே கேட்டில் அவளைக் கொண்டுபோய் விடவேண்டும். போனால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிப் போக ஒரு மணி நேரம். முந்தின நாள்தான் ஒரு மாணவன் ஸ்கூல் காரைச் சுவரில் கொண்டுபோய் ஏற்றியிருந்தான். வீட்டில் என் புருஷனோடு வேறு சண்டை. எரிச்சல் உச்சந்தலைவரை ஏறியிருந்தது. பெரிய சாலைக்குப் பக்கத்திலேயே அந்தத் தோப்பின் அடுத்த கேட் இருந்தது. அதே மரம், அதே மஞ்சள் பெயின்ட். அங்கே நிறுத்தினேன்.

"இந்த கேட்தானா?" என்று கேட்டாள்.

"ஆமா. சந்தேகமா இருந்தா நீயே ஓட்டிக்க."

சிரித்துக்கொண்டே இறங்கினாள். ஓர் அடி பின்னால் போனாள். நடந்தாள். இரண்டு கேட்டுக்கும் நடுவில் நான்கு கிலோமீட்டர். நான் செய்ததற்குச் சோம்பல் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அன்று அவள் சந்தோஷமாக இருந்தாள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பிறகு சிவப்புக் கோடு நீண்டுகொண்டே போனது, என் வாய் இறுகிக்கொண்டே போனது.

இந்த வருஷம் அவளுக்குக் கல்லீரலில் கட்டி. கண்டுபிடித்தபோது மற்ற இடங்களுக்கும் பரவியிருந்தது. டாக்டர் மூன்று மாதம் என்றார். கடல்வரை பாக்கியிருந்தது ஆறு கிலோமீட்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் நடந்து பழகினாள். எந்த நேரத்தில் எந்த மாத்திரை போட்டால் எத்தனை மணி நேரம் வலி தாங்கும் என்று அவளே கணக்குப் போட்டாள்.

"எங்கிட்ட இன்னும் ஒரே ஒரு நடை மிச்சமிருக்கு" என்றாள். "அத வீணாக்கக் கூடாது."

ஒரு ஞாயிறு விடியற்காலையில் கிளம்பினோம். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். அரை டம்ளர் டீ குடித்தாள். கடைக்கார அம்மா ஒன்றுமே கேட்கவில்லை, இவளாகவே சொன்னாள்: "எண்ணூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர்மா. இன்னைக்கு முடியுது. ஒரு அடி விடல."

அந்த அம்மா "அப்படியா" என்று டம்ளரைக் கழுவப் போனாள். நான்தான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். மெலிந்துபோய், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, முகமெல்லாம் பெருமையாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெருமையை என்னால் பார்க்க முடியவில்லை.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் சொன்னேன். "அக்கா, நாலு கிலோமீட்டர் விட்டுப்போச்சு."

"என்ன விட்டுப்போச்சு? மாத்திரையா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏழு வருஷமா?"

"ஏழு வருஷமா."

"வண்டியத் திருப்பு."

"அக்கா, கடலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான். இன்னைக்கு இத முடிச்சிடு. அத அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்ப?"

நான் வண்டியை ஓரம்கட்டினேன்.

"நடுவுல ஓட்டைய வச்சுக்கிட்டு முடிச்சேன்னு எப்படிடி சொல்றது? திருப்பு."

ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காதே என்று தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறவள் நான். அன்று என் விரலெல்லாம் வலித்தது. நான்கு மணி நேரம் ஓட்டினேன். பழைய கேட்டை அடைந்தபோது மணி ஒன்று தாண்டிவிட்டது.

"நானும் கூட வரேன்" என்றேன்.

"வண்டிய யார் கொண்டு வருவா? வழக்கம்போல நீ அந்தப் பக்கம் போய் நில்லு."

கைத்தடியை ஊன்றி இறங்கினாள். கேட்டில் கைவைத்துக் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். ஓர் அடி பின்னால் போனாள். நான் பார்த்துக்கொண்டிருந்ததால் திரும்பி, "போ" என்றாள்.

அடுத்த கேட்டில் போய்க் காத்திருந்தேன். நல்ல உடம்புக்காரர் முக்கால் மணி நேரத்தில் நடந்துவிடும் தூரம். இரண்டு மணி ஆனது, மூன்று ஆனது. தேடிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று நான்கு தடவை கேட்டைத் திறந்தேன். அவள் பார்வைக்குப் பயந்து நான்கு தடவையும் மூடினேன். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தாள். முகம் மஞ்சள் பூத்திருந்தது. முழங்காலில் மண். எங்கேயோ விழுந்திருக்கிறாள். கேட்டைத் தொட்டுவிட்டுத்தான் என் தோளில் சாய்ந்தாள். எடையே இல்லை.

பின் சீட்டில் படுக்கவைத்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "உள்ள எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவைத்தேன்.

"ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் வெட்டிட்டாங்க. அடிக்கட்டைதான்."

வீட்டில் வரைபடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பென்சிலை எடுக்கவில்லை. வரைய அங்கே ஒன்றுமில்லை. அந்த நான்கு கிலோமீட்டர்மேல் ஏழு வருஷமாகவே சிவப்புக் கோடு இருந்தது. மறுநாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதன்பிறகு அவள் கால் தரையில் படவேயில்லை.

பார்க்க வருகிறவர்களிடம் அத்தான், "கடைசி ஆறு கிலோமீட்டர் மட்டும் கொடுத்துவைக்கல" என்பார். அன்று பாதி வழியில் உடம்பு முடியாமல் திரும்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவளும் அவரிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். உதடு காய்ந்திருந்ததால் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். போதும் என்று கையை விலக்கினாள்.

"ஏன்டி சொன்ன?"

எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. "மனசு கேக்கலக்கா."

"உன் மனசு."

தலையணையில் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"ஏழு வருஷம் சொல்லாம இருந்த. இன்னும் ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா? எனக்கு என்ன தெரிஞ்சிருக்கப் போகுது? கடலப் பாத்திருப்பேன்."

அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாரம் தாங்காமல் அன்று வாய் திறந்தேன். என் பாரம் இறங்கியது உண்மை. அதற்கு அவளுடைய கடைசி நடை முழுக்கச் செலவாகிவிட்டது. "டாக்டர்ட்ட கேட்டுட்டு இப்பவே கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றேன். "பின் சீட்ட மடக்கிப் படுக்கை போட்டுடறேன். மெதுவா ஓட்டறேன். தண்ணி வரைக்கும் போகலாம்."

"வண்டியிலயா?" என்றாள்.

"ஆமாக்கா."

"வண்டியில போறதுன்னா நான் பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே போயிருப்பேனேடி" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்து காலை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.