தண்ணீர் கேட்டு வந்த ஏழு பேர்

அறுபத்தெட்டு சித்திரையில், லிபியப் பாலைவனத்தில் செத்துப்போன ஏழு சிப்பாய்கள் தி.நகரில் ஜவுளிக்கடை இசக்கிமுத்துவின் வீட்டுக்குத் தண்ணீர் கேட்டு வந்தார்கள். கதவைத் திறந்த அவர் மனைவி பேச்சியம்மாள், "ஏங்க, உங்க பட்டாளத்து ஆளுக வந்திருக்காவ" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுக் கிணற்றில் வாளியை இறக்கினாள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் எல்லோரும் போன லாரி மணலில் புதைந்தபோது, உதவி தேடிப் புறப்பட்ட அவில்தார் இசக்கிமுத்துவிடம் கடைசிப் புட்டித் தண்ணீரைக் கொடுத்தனுப்பியவர்கள் அவர்கள். ஆள் கூட்டிக்கொண்டு அவர் திரும்பியபோது ஒருவரும் உயிரோடில்லை. அவருக்குத் தலை நரைத்துவிட்டது. அவர்களுக்கு வயது ஏறவில்லை. சாயங்காலந்தோறும் வந்து குடித்தார்கள். அவர்கள் சட்டைக் கையிலிருந்து கொட்டிய மணலை அள்ளிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரர் மாடி அறை கட்டினார். அந்தச் சுவர் மார்கழியிலும் சுட்டதால் ஈரத்துணி காயவைக்கத் தோதாயிருந்தது. இசக்கிமுத்து மட்டும் அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டாமல், அடுத்த அறையில் உட்கார்ந்து அவர்கள் மடக்மடக்கென்று குடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். வியாபாரம் பெருகிக் கவுன்சிலரானார், மேயருமானார். அங்கி போட்ட அன்று கடைசி வரிசையில் ஏழு பேரும் கைதட்டினார்கள்; சத்தம் வரவில்லை.

பிறகு மழை பொய்த்தது. தெருவில் மேயர் வீட்டுக் கிணற்றில் மட்டுமே தண்ணீர் இருந்தது. பூக்காரி முத்துலட்சுமி வாசலில் வந்து நின்றாள். "இன்னா மேயரு, செத்தவனுக்கு ஊத்திக்கினு இருந்தா உசுரோட கீறவங்க இன்னாத்த குடிக்கிறது?"

அன்றைக்கே கிணற்றைத் தெருவுக்குத் திறந்துவிட்டார். ஏழு பேரில் மூத்தவனான நூர் முஹம்மதுவை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்து, "இனிமே வராதீங்க நூரு. ஊருக்கே இல்ல" என்றார்.

"சரி அவில்தார்" என்று சல்யூட் அடித்துவிட்டு நூர் மற்றவர்களோடு போய்விட்டான்.

அதற்குப் பின் இசக்கிமுத்து வாயில் ஊற்றிய தண்ணீரெல்லாம் தொண்டைக்குள் மணலாக இறங்கியது. டாக்டர்கள் கைவிரித்தார்கள். மாநகராட்சியைக் கலைத்த வாரம், அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர்களைத் தேடிப் புறப்பட்டார். நந்தனத்தில் தண்ணீர் லாரி வரிசையில், பெண்களுக்குப் பின்னால், ஏழு பேரும் வெறுங்கையோடு நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

முன்னால் குடத்தை நிரப்பிக்கொண்ட முத்துலட்சுமி திரும்பிப் பார்த்தாள். "கொடமில்லாம இன்னாத்துக்கு நின்னுகினு கீற, நைனா?" என்று தன் நிறைகுடத்தை நூரிடம் நீட்டினாள். ஏழு பேரும் குடித்தார்கள். மிச்சத்தை நூர் அவில்தாரிடம் கொடுத்தான். தண்ணீர் தண்ணீராகவே இறங்கியது.

அங்கே தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் பெண்கள் இன்றும் வரிசையில் ஏழு பேருக்கு இடம் விட்டே நிற்கிறார்கள்.