கண்ணாடி தெளிந்த பிறகு ஓடிய தண்ணீர்

1

இந்தக் கதை என் அடுப்படி ஜன்னலில் பிறந்தது. அந்த ஜன்னலைப் பற்றி ஒண்டிக்கடை நாற்சந்தி வரைக்கும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் எட்டிப்பார்ப்பதில்லை. பாத்திரம் கழுவுகிறேன். கொஞ்சம் மெதுவாகக் கழுவுகிறேன், அவ்வளவுதான்.

ஜன்னலுக்கு எதிரே பிரபாகரின் பங்களா. அவர் இருப்பது சென்னையில். வெந்நீர் இல்லாமல் முகம்கூடக் கழுவ முடியாத ஏற்காட்டில் வீட்டோடு நீச்சல்குளம் கட்டிய ஒரே ஆள் அவர். (எங்கள் தெருவில் ஒரே ஆள். ஊர் முழுக்கக் கணக்கெடுக்க என் ஜன்னல் போதாது.) பங்களாவையும் குளத்தையும் பார்த்துக்கொள்வது சிவசக்தி. அடிவாரத்துக்காரி. பின்புறம் இருக்கும் இரண்டு அறையில் மகள் திவ்யாவோடு குடியிருக்கிறாள். புருஷன் இல்லை. இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், ஆனால் அது வேறு கதை.

பங்குனி பிறந்ததும் பிரபாகர் எனக்குப் போன் செய்தார். குளத்துத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறதாம், லாரித் தண்ணீர் ஏற்றி மாளவில்லையாம். "சிவசக்தி என்னமோ பண்றா ஆன்ட்டி. நீங்க எப்படியும் பார்த்துட்டுத்தானே இருப்பீங்க? கவனிச்சுச் சொல்லுங்க. சனிக்கிழமை வர்றேன். அவ வேலைதான்னு தெரிஞ்சா அன்னைக்கே காலி பண்ணச் சொல்லிடுவேன்."

அந்த 'எப்படியும்' என்ற சொல்லை நான் மன்னித்துவிட்டேன். வேவு பார்க்க முதல்முறையாக ஒருவர் என்னை மரியாதையாகக் கேட்டிருக்கிறார்.

திவ்யாவுக்கு இந்த மாதம் பிளஸ் டூ பரீட்சை. உங்கள் இரக்கத்தைச் சம்பாதிக்க நான் இதைச் சேர்க்கவில்லை. அரசாங்கம் பரீட்சையைப் பங்குனியில் வைத்திருக்கிறது, நான் என்ன செய்ய.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பனி இறங்கிய நள்ளிரவில் குளத்துக்குள் யாரோ இறங்கும் சத்தம் கேட்டு நான்—"

அடித்துவிட்டேன். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது உண்மை. தண்ணீர் இறங்குகிறது என்றால் யாரோ குளிக்கிறார்கள், குளிப்பது யார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது. இப்படிப் படிப்படியாக ஏறி, சிவசக்திக்கு மனசுக்குள் ஒரு ஜீப் டிரைவரைக்கூட நியமித்துவிட்டேன். மீசை எல்லாம் வைத்து. பிறகு ஒருநாள் கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் போய்க் குளத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன். விரல் மரத்துவிட்டது. எந்தக் காதலும் அந்தத் தண்ணீரில் நிற்காது. டிரைவரை வேலையை விட்டு நீக்கினேன்.

இரண்டாவது தொடக்கம்: "மணல் வடிகட்டி என்பது மனித மனத்தைப் போல—"

இதையும் அடித்தேன். மனத்தைப் போல ஒன்றுமில்லை. அது ஒரு பீப்பாய். ஆனால் அது என்ன செய்கிறது என்று சொல்லாமல் கதை நகராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

பீப்பாய்க்குள் மணல். குளத்துத் தண்ணீரை மோட்டார் இழுத்து மேலிருந்து மணலுக்குள் தள்ளும். சவுக்கு இலைத் துணுக்கு, புழுதி, பூச்சி எல்லாம் மணலில் தங்கிவிடும். தெளிந்த தண்ணீர் குளத்துக்குத் திரும்பும். அழுக்குச் சேரச் சேர மணல் அடைத்துக்கொள்ளும். பீப்பாயின் தலையில் கடிகாரம் மாதிரி ஒரு அழுத்தமானி, அதன் முள் மேலே ஏறும். முள் ஏறினால் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். அப்போது தண்ணீர் கீழிருந்து மேலாகப் பாய்ந்து, மணலை உலுக்கி, அழுக்கை வெளியே தள்ளும். வெளியே போகும் குழாயில் சின்னதாக ஒரு கண்ணாடி இருக்கிறது. முதலில் அதில் காப்பி டிகாஷன் மாதிரி ஓடும். பிறகு டீ. பிறகு வெறும் தண்ணீர். கண்ணாடி தெளிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

(இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கிறீர்களா? குளம் கட்டிய கம்பெனி ஆள் சிவசக்திக்குச் சொல்லிக்கொடுத்த அன்று நான் நாள் முழுக்கப் பாத்திரம் கழுவினேன்.)

வழக்கமாக வாரத்துக்கு ஒருமுறை திருப்புவாள். இப்போது தினமும் திருப்புகிறாள். அதுவும் பட்டப்பகலில், என் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. திருட்டுத்தனம் செய்கிறவர்கள் ஒளிந்து செய்ய வேண்டாமா? ஒளியாததால்தான் எனக்குச் சந்தேகம் கூடியது.

4

மறுபடி போனேன். இந்தமுறை கொத்தமல்லி.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அழுக்குத் தண்ணீர் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போனது. என்ன சிவசக்தி, தினமும் திருப்புகிறாய் போல என்றேன்.

"முள்ளு ஏறிப்போச்சுங்க்கா. இந்த வருசம் சருகு நொம்ப."

எட்டிப்பார்த்தேன். முள் ஏறவே இல்லை, கீழேயே படுத்திருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள். இரண்டு பேரும் சருகைப் பற்றிக் கொஞ்சநேரம் பேசினோம்.

அதற்குள் கண்ணாடி தெளிந்துவிட்டது. அவள் மோட்டாரை நிறுத்தவில்லை. குழாயின் முனையைச் சாக்கடையிலிருந்து எடுத்தாள், மதிலின் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் விட்டாள். மற்றவர்கள் நிறுத்தும் இடத்தில் அவள் தொடங்கினாள். லாரி மலையேற்றிக் கொண்டுவந்த தண்ணீர், சுத்தமான தண்ணீர், மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடியது.

கிளம்பும்போது கொத்தமல்லியோடு ஒரு பட்டர் புரூட் பழமும் கொடுத்தாள். பங்களாவில் பட்டர் புரூட் மரம் கிடையாது.

[இங்கே 'என் இதயம் படபடத்தது' என்று எழுதி வைத்திருந்தேன். படபடக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.]

5

மதிலுக்கு அந்தப் பக்கம் சரிவில் குப்பாயியின் காப்பித் தோட்டம். தோட்டம் என்பது மரியாதைக்கு. கொஞ்சம் காப்பி, மேலே மிளகு, ஓரத்தில் பட்டர் புரூட். (கவனித்தீர்களா? நானும் கவனித்தேன்.) குப்பாயி இந்த மலைக்காரி. பிரபாகர் வருவதற்கு முன்பிருந்தே, சொல்லப்போனால் அந்தப் பங்களாவுக்கும் முன்பிருந்தே அவர்கள் குடும்பம் அங்கே இருக்கிறது.

குளம் வந்ததிலிருந்தே அந்த அழுக்குத் தண்ணீர் மொத்தமும் அவள் சரிவில்தான் கொட்டியது. குளோரின் மருந்து வாடையோடு. மதிலோரச் செடிகள் கருகின. போன மாதம் குப்பாயி மேலே வந்து சிவசக்தியை ஒரு பிடி பிடித்தாள். அன்று நான் பாத்திரம் கழுவவே இல்லை, நேராகவே நின்று கேட்டேன். "உங்க ஊட்டுக் கழுவுன தண்ணியக் குடிக்கறதுக்கா நான் செடி வெச்சிருக்கறன்? ஊத்தறதுன்னா நல்ல தண்ணிய ஊத்து" என்று கத்திவிட்டுப் போனாள்.

அதோடு சண்டை நின்றுவிட்டது. ஒரு சண்டை சமாதானமே இல்லாமல் நின்றால், சமாதானம் எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தெரியாமல்!

6

காப்பிச் செடி மொட்டைக் கட்டிக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கும். ஒரு நல்ல மழை விழுந்தால் ஒரு வாரம், பத்து நாளில் மலை முழுக்க ஒரே நாளில் வெள்ளையாகிவிடும். இந்த வருஷம் அந்த மழை வரவில்லை. எஸ்டேட்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கும் ஒரு பூ இல்லை.

வியாழக்கிழமை காலையில் ஜன்னலைத் திறந்தேன். வாசனை வந்து முகத்தில் மோதியது. பிரபாகரின் மதிலை ஒட்டிக் குப்பாயியின் செடிகள் மட்டும், பாத்தி பிரித்த மாதிரி, வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன. குழாய்த் தண்ணீர் எதுவரை ஓடியதோ அதுவரை பூ. அதற்குக் கீழே பச்சை.

சாட்சி வேண்டுமென்றால் இதைவிட என்ன வேண்டும்? வாயை மூடினால்கூட வாசனையை மூட முடியாது.

அன்று சாயங்காலம் சிவசக்தி என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"ஏனுங்க்கா, எங்களப் பத்திக் கதை எழுதறீங்களாமா?"

யார் சொன்னது என்று கேட்டேன். திவ்யா என் ஜன்னலில் காகிதத்தைப் பார்த்தாளாம். (இந்தத் தெருவில் எட்டிப்பார்க்கும் பழக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது பாருங்கள்.) நான் பேச்சை மாற்றி, குப்பாயி உனக்கு என்ன கொடுத்தாள் என்று நேராகவே கேட்டேன்.

"ரெண்டு பழங்க. அதுல ஒண்ணு நீங்க தின்னுட்டீங்க." ஜன்னல் வழியாகக் குளத்தைக் காட்டினாள். "அந்தக் கொளத்துல யாருங்க குளிக்கறாங்க? தெளிஞ்ச தண்ணியவே மறுக்கா மறுக்காத் தெளிய வெச்சுட்டு நிக்கறன். கீழ அந்தம்மா செடி காஞ்சுட்டுக் கெடக்குது. மருந்து போடறதுக்கு முந்தித்தானுங்க விடறன்."

தண்ணீர் பிரபாகருடையது இல்லையா என்றேன். "அவர்துதானுங்க" என்றாள். அதில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது. முழுசாக நம்பவும் முடியவில்லை. பூ காயாகி, காய் பழமானால், அந்தக் காப்பியில் இவளுக்குப் பங்கு உண்டோ என்னவோ. இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாசலில் நின்று திரும்பினாள்.

"கதையில என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க்கா. முடிவு மட்டும் முன்னாடியே சொல்லிருங்க. பொட்டி கட்டோணுமா வேண்டாமான்னு தெரியோணுமில்ல? புள்ளைக்கு இன்னம் ரெண்டு பரீட்சை கெடக்குது."

எழுதுகிறவர்களிடம் பாத்திரங்கள் இப்படி வந்து கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் எழுதவில்லை என்றேன். அது உண்மை.

7

சனிக்கிழமை. பிரபாகர் குளத்தோரம் நின்று கைகளை விரித்து மூச்சை இழுத்தார்.

"ஆன்ட்டி! என்ன வாசனை இது? மல்லிப்பூ மாதிரி?"

ஜன்னலிலிருந்து, காப்பிப் பூ என்றேன்.

"அப்படியா? இந்த மாசம் மலை பூரா இப்படித்தான் பூக்குமா?"

கேட்டவருக்கு அது சும்மா ஒரு கேள்வி. சிவசக்தி பீப்பாயின் கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். கீழே குப்பாயி களை எடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பின்னறை வாசலில் திவ்யா புத்தகத்தோடு. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக எல்லோரும் என் ஜன்னலைப் பார்த்தார்கள்.

முடிவு ஒன்று: "ஆமாம்" என்கிறேன். நல்ல மனுஷி ஆகிவிடுகிறேன். ஆனால் லாரி மறுபடி மலையேறும், அவர் மறுபடி போன் செய்வார். அதோடு, ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. உடம்புக்கு ஆகுமா?

முடிவு இரண்டு: "இல்லை, இங்கே மட்டும்தான்" என்கிறேன். உண்மைதான். சாயங்காலத்துக்குள் அந்த இரண்டு அறை காலி.

முடிவு மூன்று: அந்த நேரம் பார்த்து மழை கொட்டுகிறது. இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. கொட்டினாலும் பயனில்லை, மற்ற செடி பூக்க ஒரு வாரமாவது ஆகும். அதுவரை பிரபாகர் வாசனையை இழுத்துக்கொண்டு நிற்க மாட்டார்.

நான் வாயைத் திறந்தேன். "தம்பி, அது வந்து—"

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், தெருவையும் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன். இருந்தாலும் மதிலோரம் மட்டும் பூத்த காப்பியை எங்கே ஒளிப்பது? இதை உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். வேறு யாரிடமும் மூச்சு விடாதீர்கள். இப்படிச் சொல்லி நான் நம்பிய யாரும் இதுவரை மூச்சு விடாமல் இருந்ததில்லை. அதனால் இப்போது எனக்குச் சந்தேகமெல்லாம் உங்கள் மேல்தான்.

அவள் கைப்பிடியை விடாமல் நிற்கிறாள். நீங்களே சொல்லிவிடுங்கள். பெட்டி கட்டட்டுமா, வேண்டாமா?