குடைக்கு வைத்த சாளரம்

கதிரவன் உச்சியை எய்துமுன்னரே கருமுகில் திரண்டு கடலையும் கரையையும் ஒருநிறம் ஆக்க, துறைமுகத் தெருவின் கூரைத் தகடுகளை ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தபடி காற்று விரைந்துகொண்டிருந்த நண்பகற்பொழுது அது. அத்தெருவின் வளைவில், மூங்கிற் காம்புகளும் எஃகுக் கம்பிகளும் சுருட்டிய துணிகளும் நிறைந்த குடைப் பட்டறையின் மேல்மாடத்தில், இரு பெண்கள் ஒரே வரைபலகையின் இருமருங்கும் அமர்ந்திருந்தனர். உடன்பிறந்தார் இருவரை மணந்து ஓரகத்திகள் ஆனவர்கள். நாளொன்றுக்கு நாற்பது கருத்துகளைச் சொரிந்து, நாற்பதையும் மறந்து நகைக்கும் மூத்தவளைப் பட்டறையார் அருவி என்றனர். எதைக் கண்டாலும் அதன் குற்றத்தையே முதலிற் காணும் இளையவளைக் குண்டூசி என்றனர்.

குண்டூசியின் நெஞ்சு அன்று கனத்திருந்தது. கடற்காற்றில் கவிழாத குடையொன்றை அந்திக்குள் காட்டவேண்டும் என்பது முதலாளியின் ஆணை. அதனினும் கொடியது மற்றொன்று: வரைந்த தாள்களை எண்ணியே ஆளை மதிக்கும் அவருக்குத் திங்கள் முழுதும் அவள் தந்தது ஒரேயொரு வரைபடமாதலால், இன்றும் கை வெறிதாயின் அவள் வரைபலகையை விட்டுத் தையற்கூடத்துக்கு இறங்கவேண்டும். நெல்லையும் பதரையும் ஒரே மரக்காலால் அளந்து மகிழ்பவனை உழவன் என்று உலகம் ஒப்புமோ? ஆயினும் அஞ்சிய அப்பேதை, தன் இயல்பை மறந்து, மூத்தவளைப் போலவே காலைமுதல் முப்பது தாள்களைக் கிறுக்கினாள். முப்பதும் அவளுக்கே நாணம் தந்தன.

“என்னடி, என்னை மாதிரி ஆகப் பாக்குறியா? வீட்டுக்கு நான் ஒருத்தி போதாதா?” என்றாள் அருவி.

“உங்களுக்கு ஊறுதுக்கா. நான் ஒண்ணு நினைச்சா, நினைக்கும்போதே அதுல குத்தம் தெரியுது.”

“காத்து உள்ள மாட்டிக்கிட்டுத்தானே குடையைக் கவுக்குது? உச்சியில ஒரு ஜன்னல் வெச்சிடு. அது பாட்டுக்கு வந்துட்டுப் போகட்டும்” என்று நகைத்து, அதனையும் ஒரு தாளில் வரைந்து, கசக்கிக் கூடையில் எறிந்துவிட்டுத் தேநீர் பருகச் சென்றாள் மூத்தவள்.

குண்டூசி அத்தாளை எடுத்து நீவினாள். மழை ஒழுகுமே என்று வழக்கம்போற் குற்றம் கண்டாள். ஆனால் தாளைத் தள்ளிவிடாது, கண்ட குற்றத்தின் எதிரிலேயே அமர்ந்து சிந்தித்தாள். திறப்பின்மேல் அதனினும் அகன்ற சிறுதுணியை விளிம்பு ஒட்டாமற் கவித்தால், காற்று மேலேறி வெளியேறும். மழையோ வழிந்து இறங்கும். வெட்டினாள், தைத்தாள், நான்குமுறை பிரித்தாள், ஐந்தாம்முறை இழுத்துக் கட்டினாள்.

அந்தி மங்கும் வேளையில், கொட்டும் மழையில், முதலாளியின் கண்முன்னே மாடத்தின் திறந்தவெளியில் பழைய குடை நொடியில் வெளிப்புறமாய் மடிந்து கவிழ, புதியதோ மூச்சுவிட்டு நிமிர்ந்து நின்றது. முதலாளி அதன் உட்புறத்தைத் தடவினார், ஈரமில்லை.

“இது யாரோட யோசனை?”

‘என்னுடையது’ என்னும் ஒருசொல்லால் இருக்கை நிலைக்கும். குண்டூசியின் நா அதற்கு வளையவில்லை. “அக்காவோடதுங்க.”

“எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகமே இல்லைங்க” என்றாள் அருவி. “நான் குப்பையில போட்டதைக் குடையாக்கினது இவதான். இவளைத் தையலுக்கு அனுப்பிட்டா, என் குப்பையை அப்புறம் யாருங்க கிளறுவா?”

முதலாளி குடையை மடக்கி வரைபலகையின்மேல் வைத்தார். “ரெண்டு பேரும் இங்கேயே உக்காருங்க. இனிமே தாளை எண்ண மாட்டேன்” என்று இறங்கிச் சென்றார்.

மறுநாளும் அருவி நாற்பது சொரிந்தாள். குண்டூசி முப்பத்தொன்பதைக் குத்தி வீழ்த்தினாள். ஒருத்தி மற்றொருத்தியாக முயலவில்லை. கற்றறிந்தோரே, மேற்றுணி கீழ்த்துணியோடு ஒட்டித் தைக்கப்பட்டிருப்பின், அக்குடை முதற்காற்றிலேயே கவிழ்ந்திருக்கும். இரண்டிற்கும் இடையே விட்ட விரற்கடை இடைவெளியே அதனை நிறுத்திற்று.