பெரியம்மாவின் கை

பொழுதுபோக்குப் பூங்காவின் வேலையாட்கள் வாசலில் வரிசை நகரவில்லை. காரணம் பஞ்சு. சுவரில் மாட்டியிருந்த விரல்ரேகை மெஷினில் கட்டைவிரலை வைத்தாள். "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது அது. ஆள்காட்டி விரலை வைத்தாள். அதே பதில். விரலை நெற்றியில் உரசி, தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு ஏற்றி, வாயால் ஊதி மறுபடியும் வைத்தாள். மெஷின் மசியவில்லை.

"பஞ்சக்கா, கொஞ்சம் சிரிச்ச முகமா வைங்க. உம்முன்னு வச்சா அதுக்கு ஆள் தெரியாதாம்" என்றான் பின்னாலிருந்த வெல்டர். வரிசை சிரித்தது. பஞ்சுவும் சிரித்துவைத்தாள்.

டைம்கீப்பர் அவளைத் தனியே ஒதுக்கி நிற்கவைத்தார். நல்ல மனுஷர். அதனாலேயே அவளை நேராகப் பார்க்க அவரால் முடியவில்லை.

"நீ வந்திருக்கேன்னு என் கண்ணுக்குத் தெரியுதும்மா. என் கண்ணு சொல்றத ஆபீஸ்ல யாரு கேக்குறாங்க? மெஷின் சொன்னாதான் நீ வந்த மாதிரி."

"புதுசா ரேகை எடுத்துக்கலாம்னு சொன்னீங்களே, அண்ணே?"

"எடுத்துப் பாத்தாச்சே. உன் விரல்ல கோடே இல்லைங்குது. சேந்தப்ப எடுத்த பழைய ரேகைதான் அதுல இன்னும் இருக்கு. மாசக் கடைசிக்குள்ள பதிவு ஆகலைன்னா பேர எடுத்துடுவாங்களாம்."

பஞ்சு கொட்டகைக்குப் போய் உப்புத்தாளைக் கையில் எடுத்தாள்.

கொட்டகையில் ஒரு வீடு துண்டு துண்டாகக் கிடந்தது. சாயங்காலமானால் ஊர் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கும் தொடரில் வருகிற வீடு அது. தங்கை விட்டுப்போன பிள்ளைகளை வளர்க்கிற பெரியம்மாவின் கதை. பூங்காக்காரர்கள் அதை ஒரு சவாரியாகவே கட்டிக்கொண்டிருந்தார்கள். குட்டி வண்டிகள் தண்டவாளத்தில் பெரியம்மாவின் சமையலறைக்குள் புகுந்து, மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, வெள்ளம் புகுந்த தெருவைத் தாண்டி வரும். கடைசித் திருப்பத்தில் பெரியம்மா சிலையாக இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். வண்டி அங்கே நின்று போகும். பிள்ளைகள் அவள் கையைத் தொடலாம். கை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்று உள்ளே சூட்டுக் கம்பி வைத்திருந்தார்கள்.

சிலையின் முகத்துக்கு, பெரியம்மாவாக நடிக்கிற நடிகையைப் படம் பிடித்துக்கொண்டார்கள். கையை மட்டும் அச்சு மாவுக்குள் விட அந்த அம்மா சம்மதிக்கவில்லை. அப்போதுதான் ஒரு கைக்காகக் கொட்டகையில் தேடினார்கள். அதுவரை துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த இவள் அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கையைத் தொட்டுப் பார்த்த பெண்கள், "அடியாத்தி, பஞ்சு" என்றார்கள். அன்றிலிருந்து அதுவே பேராகிவிட்டது.

வாளியில் மாவைக் குழைத்து அதில் அவள் கைகளை அமிழ்த்தி, இறுகும்வரை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அச்சுக்காரர்.

"ஆடாதீங்க" என்றார்.

"நான் ஆடல. உங்க கைதான் நடுங்குது" என்றாள் அவள்.

அந்த வருஷமே கல்யாணம் முடிந்தது. இருவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. "வாளிக்குள்ள கையைப் பிடிச்சவன்யா" என்று கொட்டகை இன்னும் அவரை ஓட்டுகிறது.

அதற்குப் பிறகு பஞ்சுவுக்குத் தேய்க்கிற வேலை. சுவரும் படியும் சோபாவும், எல்லாமே ஃபைபரில் வார்த்தவை. அச்சிலிருந்து வரும்போது முள்ளுமுள்ளாக இருக்கும். தண்ணீர் தொட்டு, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அவள் வழவழப்பாக்குவாள். கையுறை ஆரம்பத்தில் கொடுத்தார்கள். கிழிந்த பிறகு கேட்டபோது, வரும் என்றார்கள். அது வரவே இல்லை.

பேர் போனால் சம்பளம் மட்டும் போகாது, அறையும் போய்விடும். பூங்காவின் குடியிருப்பில் புருஷன் பெண்டாட்டி இருவருமே வேலையில் இருந்தால்தான் தனி அறை. இல்லையென்றால் அவர் ஆண்கள் கூடத்தில் ஒரு கட்டிலுக்குப் போக வேண்டும், அவள் அண்ணன் வீட்டு மூலைக்குத் திரும்ப வேண்டும். உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்ளும்படியான ஓர் அறை இருவருக்குமே வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அதில் ஜன்னலுக்கு என்ன நிறத் திரை போடுவது என்று கல்யாணமான நாளிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் அந்தச் சண்டையை முடிக்க மனசில்லை.

சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொன்னாள். அச்சுக்காரர் அவள் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதிச் சோற்றோடு எழுந்து போய், பரணிலிருந்து பெரியம்மா கையை வார்த்த ரப்பர் அச்சைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்.

"உன் ரேகை எங்கயும் போகல. எங்கிட்டதான் இருக்கு, பாரு."

அச்சின் கட்டைவிரல் குழிக்குள் பொடிப்பொடியாகக் கோடுகள் சுழன்று ஓடின. அதற்குள் மெல்லிய ரப்பரை ஊற்றி, காய்ந்ததும் உரித்தெடுத்தார். விரல் நுனியில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு தொப்பி.

"இது தப்பில்லையா?"

"இது யாரு விரல்?"

"என்னோடது."

"அப்புறம் என்ன தப்பு?"

மறுநாள் காலையில் மெஷின் முதல் தடவையிலேயே "நன்றி" என்றது. டைம்கீப்பர் அவள் விரலைப் பார்த்தார், பிறகு சட்டென்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு வேலை முடிந்து வரும் வழியில் அச்சுக்காரர் குரல் கட்டிப்போகும்வரை பாடினார். "போதும், பக்கத்து அறைக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க" என்று அவள் வாயைப் பொத்தினாள். அவளுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

கொஞ்ச நாள் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஒரு புழுக்கமான காலையில் வேர்வையில் தொப்பி வழுக்கிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பஞ்சு உள்ளே போய்விட்டாள். விரல் வாசலிலேயே நின்றுவிட்டது. பின்னாலிருந்தவர்கள் கையை வைப்பதற்கு முன்பே மெஷின், "ஏற்கெனவே பதிவாகிவிட்டது, நன்றி" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே புதிதாகப் போட்டிருந்த காவலாளி அதை உரித்து, நேராக ஆபீசுக்குக் கொண்டுபோனான்.

மேனேஜர் கத்தவில்லை. அவர் மேசைமேல், காகிதத் தட்டில், அந்த விரல் கிடந்தது.

"சார், அது என் விரல்தான்" என்றாள் பஞ்சு.

"சரிம்மா, உன் விரலை வை. நானும் பாக்குறேன்" என்று மேசையிலிருந்த இன்னொரு மெஷினை அவள் பக்கம் நகர்த்தினார்.

வைத்தாள். மீண்டும் முயற்சிக்கவும் என்றது. அவள் மீண்டும் முயற்சித்தாள். கூட வந்திருந்த அச்சுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போலீசு, கேசுன்னு போகல. அவ்வளவுதான் என்னால முடிஞ்சது" என்றார் மேனேஜர். "உன் பேர எடுத்தாகணும். இவரு இருக்கட்டும், திறப்பு விழா முடியிற வரைக்கும் ஆள் வேணும். அறையை மட்டும் நாளைக்குக் காலி பண்ணிடுங்க."

இருவரும் திரும்பியபோது அவரே கூப்பிட்டார்.

"ஒரு நிமிஷம். பெரியம்மா கையிலயும் இதே ரேகைதானே இருக்கு? நாளைக்கு வேற எவனாவது அதுல அச்சு எடுத்தான்னா எனக்குத்தான் தலைவலி. விரலை எல்லாம் தேய்ச்சு விட்டுடணும். உன் அளவுக்கு யாருக்கும் கை படியலன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. போறதுக்கு முன்னால இத மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போம்மா."

கடைசித் திருப்பத்தில் பெரியம்மா கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள். எலெக்ட்ரீஷியன் சூட்டுக் கம்பியைச் சோதித்துவிட்டு அணைக்க மறந்து போயிருந்தார். கை வெதுவெதுவென்று இருந்தது.

"நீ உக்காரு, நான் தேய்க்கிறேன்" என்றார் அச்சுக்காரர்.

"உங்களுக்குத் தேய்க்க வராது. பள்ளம் போட்டுடுவீங்க. தள்ளுங்க."

அவள் உப்புத்தாளை மடித்துத் தண்ணீர் தொட்டுக்கொண்டாள். அச்சுக்காரர் பெரியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரும்புச் சட்டத்தில் முடுக்கிய கை, பிடிக்கவே தேவையில்லை. ஆனாலும் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"திரைக்கு நீலமே வாங்கியிருக்கலாம்" என்றார்.

"பச்சைதான்" என்றாள் அவள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள்.

கட்டைவிரலிலிருந்து வெள்ளைக் கரைசல் வழிந்தது. தேய்த்தாள், துணியால் துடைத்தாள், வழக்கம்போலத் தன் விரலால் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவினாள்.

"வழவழன்னு ஆயிடுச்சா, பாருங்க. எனக்குத் தெரிய மாட்டேங்குது."

அச்சுக்காரர் பெரியம்மாவின் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பஞ்சுவின் கட்டைவிரலை எடுத்துத் தடவினார். மறுபடியும் அதையே தடவினார்.

"ஆயிடுச்சு" என்றார்.

பஞ்சு அடுத்த விரலுக்குப் புதுத் தாளைக் கிழித்தாள்.