இருபது இடம்

சட்டைக்கு அளவெடுத்து வெட்டுவதை இணையத்தில் சொல்லித்தரப் போகிறேன் என்று தெரியாத்தனமாக அக்காவிடம் சொல்லிவிட்டேன். பதினோரு வருடம் துணி வெட்டிய நிறுவனத்தை விட்டு வந்தாயிற்று. "மாசக் கடைசி வரைக்கும் உங்க இடத்த வச்சிருக்கேன்" என்று மேலாளர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முதல் வகுப்பில் சேருகிறவர்கள் ஆளுக்கொரு சட்டையாவது தைத்துக் காட்டினால்தான் அடுத்ததற்கு ஆள் வரும். இல்லையென்றால் மறுபடியும் அவர் முன்னால் போய்த்தான் நிற்க வேண்டும்.

ஒவ்வொருவர் வெட்டுவதையும் பார்த்துத் திருத்த வேண்டுமே என்று இருபது இடம்தான் வைத்தேன். முதல் தடவை என்பதால் இலவசம். பதிவைத் திறந்த கால் மணி நேரத்தில் இருபதும் நிரம்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

காலை பத்து மணிக்குத் திரையைத் திறந்தால் இருபது கட்டத்திலும் சொந்தக்காரர்கள். அக்கா குடும்பக் குழுவில் இணைப்பைப் போட்டிருக்கிறாள். சித்தப்பா பனியனோடு உட்கார்ந்திருந்தார். அத்தையின் கட்டத்தில் மின்விசிறி மட்டும் சுற்றியது. மாமா, "மெலிஞ்சுட்டியேம்மா, ஒழுங்கா சாப்பிடறியா இல்லியா?" என்றார்.

"முதல்ல தாள்லதான் வெட்டிப் பழகப் போறோம், எல்லாரும் தாளை எடுத்துக்கங்க" என்றேன்.

"தாளா? நாங்க சும்மா உன்னை வாழ்த்த வந்தோம். நீ பாட்டுக்கு நடத்து" என்றார் சித்தப்பா.

பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து செய்தி. "தாள், ஸ்கேல் எல்லாம் வாங்கி வச்சிட்டேன். இடமில்லைன்னு காட்டுது. என்னையும் சேத்து ஒம்பது பேர் காத்திருக்கோம்."

மைக்கை அணைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். அக்கா ஃபோனைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா எல்லாரையும் சேத்தே?"

"யாருமே வரலன்னா நீ உடைஞ்சு போயிடுவியேன்னுதான்டி."

மேலாளரின் சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை. என் மேல் உயிரையே வைத்திருக்கிறவள். ஆனால் என்னிடம் கற்றுக்கொள்ள ஒரு வெளியாள் வருவார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஒம்பது பேர் வெளிய நிக்கிறாங்கக்கா" என்றேன். அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

திரும்பி வந்து, "மன்னிச்சுக்கங்க, எனக்கு இடம் வேணும்" என்று சொல்லி, சித்தப்பாவில் தொடங்கி ஒவ்வொருவராக வெளியே அனுப்பினேன். இதற்காகப் பத்து வருடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். வாங்கிக்கொள்ளலாம்.

முதல் வெளியாள் உள்ளே வந்தாள். வணக்கம்கூடச் சொல்லாமல், "இது நேத்து நானா வெட்டிப் பாத்தது" என்று ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள். அக்குள் வளைவு படுமோசம். எனக்கு அழுகை வந்துவிட்டது.