இரண்டாம் எண்ணுக்குக் கடிதம்

செத்துப்போன மனைவிக்கு எழுதிய நாற்பத்தேழு கடிதங்களும் படிக்கப்பட்டுவிட்டதை வெங் ஷிர்-காய் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பார்த்தான். ஒவ்வொரு கடிதத்தின் எதிரிலும் இத்தனை நாள் இருந்த நட்சத்திரக் குறி போய், அந்த இடத்தில் 'படித்தாயிற்று' என்று இருந்தது. என்ன செய்வதென்று தோன்றவில்லை. எழுந்து போய்த் தண்ணீரைக் கொதிக்கப் போட்டான். கொதிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தேநீர்த்தூள் போட மறந்து, வெறும் வெந்நீரோடு திரும்பி வந்தான். திரையில் எதுவும் மாறியிருக்கவில்லை. கண்ணை மூடித் திறக்கும் நேரத்துக்கு, லான்-யிங்தான் படித்துவிட்டாள் என்று நினைத்தான். ஐம்பத்தேழு வயதில் இதெல்லாம் ஒரு நினைப்பா என்று உடனே வெட்கமாகிவிட்டது.

அந்தக் கடிதங்கள் கிடந்த கணினிப் பலகையின் பெயர் மழைத்துறை. தைவானில் ஓயாமல் மழை பெய்யும் துறைமுகமான கீலுங்கில் இருந்துகொண்டு வேறு பெயர் வைத்தால்தான் ஆச்சரியம். துறைமுக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் மோடத்தை மாட்டி ஷிர்-காய் திறந்த அறிவிப்புப் பலகை அது. ஊரில் கணினி வைத்திருந்தவர்கள் அந்த எண்ணைக் கூப்பிட்டு உள்ளே வந்து, படித்து, எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். கம்பி ஒன்றுதான் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம், அதற்கு மேல் பலகையே இணைப்பைத் துண்டித்துவிடும். அந்தக் கணினி பழைய இரும்புக்குப் போய் இருபது வருடமாகிறது. இப்போது புதுக் கணினிக்குள் ஒரு எமுலேட்டர், பழைய கணினியைப் போல நடித்துக்கொண்டு, அதே பலகையை ஓட்டுகிறது. ஆட்கள் இணையம் வழியாகத்தான் வருகிறார்கள், ஆனால் பலகை இன்னும் மோடத்தில் மணி அடிக்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கிறது. வருகிறவர்கள் மொத்தம் நாலு பேர்.

பலகைக்கு வருடமும் தெரியாது. ஊர் முழுக்கத் தைவான் கணக்கில் குடியரசு ஆண்டு நூற்றுப்பதினைந்து நடக்கிறது. பலகையோ இரண்டு இலக்கம் மட்டும் கற்றது, தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அதற்கு எண்ண வராது. ஆகவே ஷிர்-காய் எமுலேட்டரின் தேதியை எண்பத்துநான்கில் வைத்திருந்தான். ஒவ்வொரு புத்தாண்டு அன்றும் அதை மறுபடி எண்பத்துநான்கு ஜனவரி ஒன்றுக்குத் தள்ளிவிடுவான். முப்பத்தொரு வருடத்துக்கு முன், அந்த எண்பத்துநான்கில்தான் லான்-யிங் முதன்முதலாகக் கூப்பிட்டாள். பலகைக்கு வந்த முதல் அழைப்பே அவளுடையதுதான். நடத்துகிறவன் எண் ஒன்று, அவள் எண் இரண்டு, வைத்துக்கொண்ட பெயர் சிப்பி.

போன நிலாத் திருவிழாவுக்கு முந்தின வாரம் அவள் இறந்தாள். ஷிர்-காய் அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியம் ஒன்றும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். பல் மருத்துவர் ஊசி போட்ட கன்னம் போல இருந்தது, கடித்தாலும் தெரியாது. ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு உட்கார்ந்து இரண்டாம் எண்ணுக்கு நாலு வரி எழுதுவான். இன்று மழை. சரக்குக் கப்பல் ஒன்று தாமதம். பன்றிக்கறிச் சோறு உப்புக் குறைவு. எழுதி அனுப்பினால் ஒரு நட்சத்திரம் விழும். குடலிறக்க அறுவைக்காக மருத்துவமனையில் கிடந்த போன ஞாயிறு மட்டும்தான் தவறியது.

வெந்நீரைக் குடித்துவிட்டு உறுப்பினர் பட்டியலைத் திறந்தான். சிப்பி இல்லை. இரண்டாம் எண்ணுக்கு எதிரே 'பின்சீட்டு' என்று இருந்தது. நகரப் பேருந்து ஓட்டுகிற நண்பன் தூ போ-ரென், பேருந்தில் தனக்கு மட்டும் கிடைக்காத இடம் என்று சொல்லி வைத்துக்கொண்ட பெயர் அது. அவன் எண் பதினொன்று. பதினொன்றாக இருந்தான்.

அழைப்பு மணி அடித்தது. போ-ரென்தான், ஒரு கையில் குடை, மறு கையில் மூடிய கிண்ணம். சட்டையெல்லாம் நனைந்திருந்தது, கிண்ணம் நனையவில்லை.

"என்னடா, இப்படிக் குனிஞ்சே நடக்கற? கத்தரிக்கோல உள்ள வெச்சுத் தெச்சுட்டாங்களா? உக்காரு, உக்காரு. பன்னிக்கால் சேமியா. ஆஸ்பத்திரி பீடை போகணும்னா முழுசாத் திங்கணும். மிச்சம் வெச்சா பீடையும் மிச்சம் நிக்கும், சொல்லிட்டேன்."

"ரெண்டாம் நம்பர் யாருடா?"

போ-ரென் கிண்ணத்தின் மூடியைத் திறந்து மேசையில் வைத்தான். குச்சிகளை உறையிலிருந்து எடுத்து, கிண்ணத்தின் மேல் நேராக அடுக்கினான். ஓடும் பேருந்திலேயே கடைசி இருக்கை வரை கேட்கப் பேசுகிறவன், அதற்கு மேல் அடுக்க எதுவும் இல்லாமல் நின்றான்.

"மொதல்ல தின்னு."

"யாருடா?"

"நான்தான்." ஈரக் குடையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தான். "சாவியக் குடுத்துட்டுப் போனியா. புதன்கிழமை கரண்ட் போயிட்டு வந்துச்சு. பொட்டியத் திரும்பப் போட்டேன். தேதியப் பாத்தா எண்பத்துநாலு. ஏதோ தப்பா நிக்குதுன்னு நெனச்சேன். இல்ல, அப்படி நெனக்கல, பொய் எதுக்கு. பாவம், ஆஸ்பத்திரிலேருந்து வர்றவன் இந்த வருஷத்துக்கு வரட்டுமேன்னு நெனச்சேன். நூத்திப்பதினஞ்சு போட்டேன், வாங்கல. தொண்ணூத்தொம்பது போட்டேன், வாங்கிடுச்சு."

மீதியை அவன் சொல்லும் முன்பே ஷிர்-காய்க்குப் புரிந்துவிட்டது. தினமும் விடிகாலை ஐந்து மணிக்குப் பலகை தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். ஒரு வருடமாக வராதவர்களின் பெயரை அடித்துவிடும். கணினி வட்டில் இடம் போதாத காலத்தில் அவன் கையாலேயே எழுதிய விதி அது. எண்பத்துநான்கிலேயே சுற்றிக்கொண்டிருந்தவரை யாரும் ஒரு வருடம் வராமல் இருந்ததே இல்லை, செத்தவள் உட்பட. தேதி ஒரே தாவாகத் தாவியதும், பதினைந்து வருடமாக ஈ காக்கை வரவில்லை என்று பலகை முடிவு கட்டி, அவனைத் தவிர எல்லோரையும் துடைத்துவிட்டது.

"மறுநா காலையில கான் அக்கா மருந்துக்கடையிலேருந்து போன். 'உள்ள போனா என்னையே யாருன்னு கேக்குதுடா'ங்கறாங்க. வந்து பாத்தா ஒருத்தர் இல்ல. நானே இல்ல! பழையபடி தேதியத் திருப்பி வெச்சேன். சத்தம் போடாம எல்லாரும் மறுபடி சேந்துக்குங்க, ஷிர்-காய்க்குத் தெரியவேணாம்னு சொன்னேன். நான்தான் மொத ஆளாச் சேந்தேன். காலியா இருந்த மொத நம்பர் ரெண்டு, அதக் குடுத்துச்சு. குடுத்த கையோட, உங்களுக்கு நாப்பத்தேழு கடிதம் காத்திருக்குன்னுச்சு."

பலகை கடிதங்களைப் பெயருக்கு வைப்பதில்லை, எண்ணுக்குத்தான் வைக்கிறது. அதுவும் ஷிர்-காய் எழுதியதுதான். யாரைக் கோபித்துக்கொள்வது?

"எத்தன படிச்ச?"

"எல்லாம்." போ-ரென் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "மொதக் கடுதாசி, எதுக்கு வந்துருக்குன்னு பாக்கப் படிச்சேன். அப்பவே மூடியிருக்கணும். முடியலடா. எல்லாத்துலயும் மழதான். ஏண்டா, கீலுங்ல மழ பெய்யுதுன்னு அண்ணிக்குத் தெரியாதா? முப்பது வருஷம் இங்க துணி காயவெச்சவங்கடா."

ஷிர்-காய் உறுப்பினர் பட்டியலை மூடினான்.

"இருவத்தொண்ணாவது கடுதாசில நான் வர்றேன்." போ-ரென் தரையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொன்னான். "'போ-ரென் வாரம் தவறாமல் வருகிறான். வர வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை.'"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஷிர்-காய்க்குத் தெரிந்தது. வெந்நீர்க் கோப்பையை எடுத்துப் பார்த்தான், காலியாக இருந்தது. போ-ரென் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்தான்.

"நகல் வெச்சிருப்ப இல்ல? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்தது? அதப் போட்டுடு, அண்ணி பேரு திரும்பி வந்துரும். நாங்க பழைய நம்பருக்கே போயிடறோம். நான் படிச்சதும் இல்லேன்னு ஆயிடும்." செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "ஆறிடும், தின்னுடா."

அவன் படியிறங்கிப் போகும் சத்தம் ஓய்ந்தது. ஷிர்-காய் இழுப்பறையைத் திறந்தான். நகல் இருந்த பென்டிரைவ் பேட்டரிகளுக்கு நடுவே கிடந்தது. செருகி, பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். பட்டியலில் சிப்பி வந்துவிடுவாள். எண் இரண்டு, முதல் அழைப்பு எண்பத்துநான்கு மார்ச். அவள் பெயர் எழுதியிருக்கும் இடங்களில், கல்லறைப் பெட்டகத்தின் தகட்டைத் தவிர, அவனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வரிதான். அது வேண்டும். ஆனால் நகலைப் போட்டால் நாற்பத்தேழு நட்சத்திரங்களும் கூடவே திரும்பி வந்துவிடும். ஒரு கடிதமும் யாரும் படிக்காததாகிவிடும். பென்டிரைவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். யாரும் படிக்காதது இன்று காலை வரை அவனுக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை. இப்போது பட்டது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

பென்டிரைவை இழுப்பறையில் போட்டு மூடினான். புதிய கடிதம் என்று அழுத்தினான். யாருக்கு என்று பலகை கேட்டது. விரல் பழக்கத்தில் இரண்டு என்று அடித்தது. திரையில் 'பின்சீட்டு' என்று வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுத ஆரம்பித்தான்.

'இன்று மழை. அன்றும் மழை. மூன்று மணிக்கு அவள் சோயாத் தயிர் வேண்டும் என்றாள், இஞ்சிப் பாகு ஊற்றி. நான்கு நாளாக எதுவும் கேட்காதவள். சந்தையில் பெரிய வரிசை. முன்னால் நின்றவர்களிடம் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை, வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். தாதி கையெழுத்துக் கேட்டாள், போட்டேன். பிறகு நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சோயாத் தயிரைத் தின்றேன். ஆறிப்போகிறதே என்று தின்றேன். ருசியாக இருந்தது. இதை அவளுக்கு எழுத முடியவில்லை.'

அனுப்பினான். நாற்பத்தெட்டாவது வரியின் எதிரே நட்சத்திரம் விழுந்தது.

மழை ஜன்னல் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஷிர்-காய் நாற்காலியை விட்டு எழவில்லை. நாலரை மணிக்குத் திரையின் மூலையில் மோடம் மணி அடிப்பதாக எழுத்து வந்தது. இரண்டாம் எண் உள்ளே வந்தது. மீதி நேரம் நாற்பது நிமிடம். முப்பத்தொன்பது. நட்சத்திரம் மறைந்தது.

பதில் வரும் என்று பார்த்தான். போ-ரென் ஒரு வரிக்குப் பத்து வரி எழுதுகிறவன், நாலு எழுத்துப்பிழையும் ஒரு கேலியும் இல்லாமல் வாக்கியம் முடிக்கத் தெரியாதவன். எதுவும் வரவில்லை. இணைப்பைத் துண்டித்துக்கொண்டும் போகவில்லை. ஊரின் ஏதோ ஒரு மூலையில் ஈரச் சட்டையோடு அதே திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். முப்பத்திரண்டு. முப்பத்தொன்று. கம்பி ஒன்றுதான் என்பதால் வேறு யாரும் உள்ளே வர முடியாது.

இருபத்தாறு என்று காட்டியபோது ஷிர்-காய் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தான். சேமியா ஆறி, கொழுப்பு மேலே வெள்ளையாகக் கட்டியிருந்தது. குச்சிகளை எடுத்தான்.

இருபத்தைந்து.