குறட்டை குடியிருந்த பெரிய அறை

ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆலிவ் எண்ணெய் வியாபாரி முக்தார் இறந்து ஒன்பது வருடமாகியும் அவருடைய குறட்டை நிற்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை, இரவுத் தொழுகைக்குப் பின் ஒரு முறை, பெரிய படுக்கையறைக் கட்டிலின் சுவரோரத்திலிருந்து அது கிளம்பும். முதல் வாரம் அக்கம்பக்கத்தார் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் மீன் விலை ஏறியது. பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் மனைவி ஷெத்லியா மட்டும் கட்டிலின் மறுபாதியில் வழக்கம்போலப் படுத்துவந்தாள்.

மருமகள் எம்னாவுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோதுதான் சிக்கல் வந்தது. அவளும் கணவன் அனீஸும் இருந்தது அடுக்களையை ஒட்டிய சின்ன அறையில். இரண்டு தொட்டில் போட்டதும் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. பிள்ளைகள் மாறி மாறி அழுதன. அறைகளை மாற்றிக்கொள்ளலாமா என்று அவள் கேட்டதும் அனீஸ் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"அம்மாகிட்டேருந்து அப்பாவைப் பிரிக்கச் சொல்றியா? நீயே போய்க் கேளு."

மாமியாரிடம் கேட்க அவளுக்கும் வாய் வரவில்லை. ஐந்து மாதம் அப்படியே போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மாமியார் குளிக்கப் போயிருந்த நேரம், எம்னா அளவு நாடாவோடு பெரிய அறைக்குள் நுழைந்தாள். குறட்டை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தொட்டில்கள் எந்தச் சுவரோரம் கொள்ளும் என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, ஷெத்லியா ஈரத்தலையோடு வாசலில் நின்றாள்.

"என்ன அளக்குறே?"

எம்னா நாடாவை அவசரமாகச் சுருட்டினாள். "மன்னிச்சுக்குங்க மாமி. அந்த அறையில மூச்சு முட்டுது. மாமாவை விட்டு உங்களைப் பிரிக்கக் கூடாதேன்னுதான் கேக்கலை."

ஷெத்லியா கட்டிலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று எம்னா பயந்தாள். துண்டை எடுத்தபோது மாமியார் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் இருந்தப்போ முப்பது வருஷம், போனப்புறம் ஒன்பது வருஷம். ஒரு நாள்கூட நான் முழுசாத் தூங்கலை, மகளே. நானா எழுந்து போனா ஊர் என்ன பேசும்? யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்தேன். இதுக்கு அஞ்சு மாசமா உனக்கு?"

சாயங்காலத்துக்குள் எல்லாம் இடம் மாறிவிட்டது. முக்தாரின் கட்டில் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஷெத்லியா சின்ன அறையில் பதினாறு மணி நேரம் தூங்கினாள். அனீஸ் இரண்டு முறை அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தான். பெரிய அறையில் குறட்டை தொடங்கியதும் பிள்ளைகள் அழுகையை நிறுத்திக் கண் செருகின. எம்னா அவிழ்த்த தலையைப் பின்னாமலே படுத்துத் தூங்கிப்போனாள்.

பிறகு வந்த வருடங்களில், தூங்காத குழந்தைகளைத் தெருப் பெண்கள் மதியத்தில் அங்கே கொண்டுவந்து போட்டார்கள். சில நாள் சத்தம் மிஞ்சி ஜன்னல் கண்ணாடி அதிரும். ஷெத்லியா தன் அறையிலிருந்து வந்து, காலிக் கட்டிலை முழங்கையால் ஒரு இடி இடித்து, "திரும்பிப் படுங்க" என்பாள். குறட்டை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும்.